ஒரு மாத்திரை, இரண்டு சுபாவம்

சர்க்கரை நோயாளி இருக்கும் வீட்டில் என்றாவது ஒரு நாள் இந்தக் கேள்வி எழும். "இவருக்கு சுகர் கூடுற வியாதிதானே? அப்புறம் எப்படி சுகர் இறங்கி மயக்கம் போட்டார்?" கேட்பவர் கொஞ்சம் கூச்சத்தோடுதான் கேட்பார், டாக்டர் சிரித்துவிடுவாரோ என்று. சிரிக்கிற கேள்வி அல்ல அது. தண்ணீர் தேங்கி நிற்கிற வயலில் பயிர் வாடினால் எந்த விவசாயியும் வரப்பில் நின்று யோசிக்கத்தான் செய்வார்.

இதோடு கூடப் பிறந்த இன்னொரு கேள்வியும் உண்டு. அண்ணன், தம்பி இருவருக்கும் சர்க்கரை. இருவரும் காலையில் ஆளுக்கொரு மாத்திரை போடுகிறார்கள். அண்ணன் சில நாள் பதினொரு மணி வரை வெறும் காபியோடு ஓட்டிவிடுவார், ஒன்றும் ஆகாது. தம்பிக்கு ஒன்பது மணிக்குள் இட்லி வராவிட்டால் கை நடுங்கும், சட்டை நனையும். இரண்டு பேரும் போடுவது சுகர் மாத்திரைதானே?

விடை மாத்திரைக்குள்ளேயே இருக்கிறது. தம்பியின் மாத்திரையை அட்டையிலிருந்து பிரித்து உள்ளங்கையில் வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். பல நிறுவனங்களின் மாத்திரைகளில் இரண்டு அடுக்கு தெரியும். ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் இளஞ்சிவப்போ பச்சையோ மஞ்சளோ. அது அழகுக்காகப் போட்ட சாயம் அல்ல. அங்கே இரண்டு வெவ்வேறு மருந்துகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. தடித்த அடுக்கில் மெட்ஃபார்மின், 500 மில்லிகிராம் அல்லது 1000. மெல்லிய அடுக்கில் கிளிமிபிரைடு, ஒன்றோ இரண்டோ மில்லிகிராம். எடையில் ஐந்நூறுக்கு ஒன்று. ஆனால் தம்பியின் கை நடுங்குவது அந்த ஒன்றால்தான். அண்ணன் போடுவது வெறும் மெட்ஃபார்மின்.

இப்படி இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து அடித்த மாத்திரையைக் 'கூட்டு மாத்திரை' என்று இங்கே சொல்லிக்கொள்வோம். அதற்குள் இருப்பவர்களை ஒவ்வொருவராகச் சந்திக்கும் முன்பு ஒரு சின்னக் கணக்கு.

ஐந்து கிராம்

வளர்ந்த மனிதருக்கு உடம்பில் இரத்தம் ஏறத்தாழ ஐந்து லிட்டர். வெறும் வயிற்றில் ஆரோக்கியமான ஒருவரின் சர்க்கரை அளவை, கணக்கு எளிதாக இருக்கட்டும் என்று, 100 என்று வைத்துக்கொள்வோம். அந்த 100 என்பது நூறு மில்லி இரத்தத்தில் நூறு மில்லிகிராம் குளுக்கோஸ். அப்படியானால் லிட்டருக்கு ஒரு கிராம், ஐந்து லிட்டருக்கு ஐந்து கிராம்.

ஐந்து கிராம் என்பது ஒரு டீஸ்பூன் சர்க்கரை. உச்சி முதல் பாதம் வரை ஓடும் மொத்த இரத்தத்திலும் இருப்பது அவ்வளவுதான். நாம் ஒரு டம்ளர் காபியில் போடுவது இதைவிட அதிகம்.

மூளை ஒரு நாளைக்குச் சுமார் 120 கிராம் குளுக்கோஸை எரிக்கிறது. மணிக்கு ஐந்து கிராம். அதாவது இரத்தத்தில் இருக்கிற மொத்தச் சர்க்கரையையும் ஒரே மணி நேரத்தில் தீர்த்துவிடும் பசி அதற்கு. இருந்தும் இரவு ஒன்பதுக்குச் சாப்பிட்டுப் படுத்தவர் காலை ஆறு மணிக்கு நன்றாகத்தான் எழுந்திருக்கிறார். காரணம் கல்லீரல். சேமித்து வைத்ததிலிருந்து எடுத்தும், புதிதாகத் தயாரித்தும், இரவு முழுவதும் சொட்டுச் சொட்டாக இரத்தத்தில் சர்க்கரையை விட்டுக்கொண்டிருக்கிறது அது. இந்தக் குழாயை எவ்வளவு திறக்கலாம், எவ்வளவு மூடலாம் என்று சொல்வது கணையம் சுரக்கும் இன்சுலின். இன்சுலின் கூடினால் கல்லீரல் குழாய் அடங்கும். தசைகள் சர்க்கரையை உள்ளே இழுத்துக்கொள்ளும்.

சர்க்கரை அளவு 200 இருக்கும் நோயாளியின் இரத்தத்தில் பத்து கிராம் இருக்கிறது. 50-க்கு இறங்கி மயங்கி விழுபவரின் இரத்தத்தில் இரண்டரை. நோய்க்கும் ஆரோக்கியத்துக்கும் நடுவே ஒரு ஸ்பூன், ஆரோக்கியத்துக்கும் ஆபத்துக்கும் நடுவே அரை ஸ்பூன். சர்க்கரை மாத்திரை நடமாடுவது இந்த ஒற்றையடிப் பாதையில்தான். அளவு 70-க்குக் கீழே போனால் அதைத் 'தாழ்சர்க்கரை' என்போம். பேச்சு வழக்கில் லோ சுகர். 54-க்குக் கீழே என்றால் மூளைக்கே பட்டினி.

டைபாய்டு வார்டில் கிடைத்த மருந்து

கிளிமிபிரைடின் குலம் பிறந்த இடம் சர்க்கரை நோய்க்குச் சம்பந்தமே இல்லாதது. 1942, போர்க்காலம், தெற்கு பிரான்சின் மான்பெலியே நகரம். அங்கே மார்செல் ழான்பான் என்ற மருத்துவர் டைபாய்டு நோயாளிகளுக்கு ஒரு புதிய சல்ஃபா மருந்தைக் கொடுத்துப் பார்த்தார். கிருமியை ஒழிப்பதற்கு என்று கொடுத்த மருந்தால் சிலருக்கு வலிப்பு வந்தது. சிலர் இறந்தும் போனார்கள். இரத்தத்தைச் சோதித்தபோது சர்க்கரை அதலபாதாளத்தில் இருந்தது.

அதே ஊரில் இருந்த ஒகுஸ்த் லூபாத்தியே இதைத் துப்புத் துலக்கினார். நாய்களுக்கு அந்த மருந்தைக் கொடுத்தார், சர்க்கரை இறங்கியது. கணையத்தை எடுத்துவிட்ட நாய்களுக்குக் கொடுத்தார், இறங்கவில்லை. மருந்து நேராகச் சர்க்கரையைத் தொடவில்லை, கணையத்தைப் பிடித்து உலுக்கி இன்சுலினைக் கொட்ட வைக்கிறது என்பது அதிலிருந்து தெளிவாயிற்று. விபத்தாக வந்த விளைவே மருந்தாயிற்று. 1950-களின் நடுவில் இந்தக் குடும்பத்தின் முதல் மாத்திரைகள் கடைக்கு வந்தன. இன்று நம் ஊரில் பரவலாகப் புழங்கும் கிளிமிபிரைடு, கிளைகிளசைடு, கிளிபிசைடு, கிளிபென்கிளமைடு எல்லாம் இந்த வம்சம்தான். பொதுப்பெயர் சல்ஃபோனைல்யூரியா. வாயில் நுழையாத பெயர் என்பதால் 'கணைய உந்தி' என்று வைத்துக்கொள்கிறேன்.

உந்தி என்ன செய்கிறது? இன்சுலின் சுரக்கும் செல்லின் சுவரில் நுண்ணிய வாயில்கள் உண்டு. சாப்பிட்டதும் இரத்தத்தில் சர்க்கரை ஏறி, அது செல்லுக்குள் எரிந்து சக்தி பிறந்தால்தான் அந்த வாயில்கள் மூடும். மூடியதும் செல் விழித்துக்கொண்டு இன்சுலினை வெளியே தள்ளும். விருந்தாளி வந்து காலிங்பெல்லை அடித்தால் அடுக்களையில் இலை போடுவது போல. கணைய உந்தி என்ன செய்கிறதென்றால், விருந்தாளி வந்தாரா இல்லையா என்று பார்க்காமல் பெல்லில் கை வைத்து அழுத்திவிடுகிறது. விருந்தாளி வந்திருந்தால் நல்லது. வராவிட்டாலும் இலை விழும்.

தம்பிக்கு இட்லி தாமதமான கதை இதுதான்.

சர்க்கரை தின்னி

மெட்ஃபார்மினின் பூர்வீகம் ஐரோப்பாவில் விளையும் ஊதாப் பூச்செடி ஒன்று, கலேகா என்று பெயர். அதிலிருக்கும் ஒரு வேதிப்பொருள் சர்க்கரையைக் குறைப்பது 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே தெரியவந்தது. அதன் உறவுக்காரப் பொருளான மெட்ஃபார்மினை 1922-இல் டப்ளினில் வெர்னர், பெல் என்ற இருவர் தயாரித்தார்கள். கெட்ட நேரம், இன்சுலின் அப்போதுதான் கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. உலகமே அந்தப் பக்கம் திரும்பியிருந்தது. முப்பத்தைந்து ஆண்டுகள் கழித்து, 1957-இல், பாரிஸில் ழான் ஸ்தேர்ன் அதை நோயாளிகளுக்குக் கொடுத்துப் பலனை வெளியிட்டார். அவர் வைத்த பெயர் குளுக்கோஃபேஜ். சர்க்கரை தின்னி என்று பொருள்.

பெயர் பொருத்தமில்லை என்பது என் அபிப்பிராயம். மெட்ஃபார்மின் சர்க்கரையைத் தின்பதில்லை. முக்கியமாகக் கல்லீரல் குழாயைக் கொஞ்சம் இறுக்குகிறது. உடம்பை இன்சுலினுக்குச் செவிசாய்க்க வைக்கிறது. கணையத்தின் பக்கமே போவதில்லை. அதனால் தனியாகப் போடும்போது தாழ்சர்க்கரை வருவது அரிது. அண்ணன் பதினொரு மணி வரை பட்டினி கிடந்தும் தப்பிப்பது இதனால்தான்.

இதற்கென்று வேறு குறைகள் உண்டு. வயிற்றைப் புரட்டும், பேதியாகும். ஆகவே சாப்பாட்டோடு போடச் சொல்கிறார்கள். பல ஆண்டுகள் தொடர்ந்தால் சிலருக்கு வைட்டமின் பி12 குறையும். கால் மரத்துப்போனால் சர்க்கரையால் வந்த நரம்புக் கோளாறு என்றே எல்லோரும் நினைப்பார்கள். பி12-ஐயும் ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது.

இருவரையும் ஏன் கட்டிப்போட்டார்கள்?

சர்க்கரை நோய் ஓரிடத்தில் நிற்கும் நோய் அல்ல. 1977-இல் பிரிட்டனில் தொடங்கி, புதிதாக நோய் கண்ட 5,102 பேரைப் பல ஆண்டுகள் பின்தொடர்ந்த பெரும் ஆய்வு ஒன்று உண்டு. தனி மருந்தில் தொடங்கியவர்களில் ஏறக்குறையப் பாதிப் பேருக்கு மூன்றே ஆண்டுகளில் அது போதாமல் போயிற்று. ஒன்பதாம் ஆண்டில் நான்கில் மூவருக்குப் போதவில்லை. "டாக்டர் மாத்திரையைக் கூட்டிட்டார், நான் ஒழுங்காத்தான் இருந்தேன்" என்று வருந்துபவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும். கணையம் களைத்துப்போவது நோயின் இயல்பு, அவர்கள் தின்ற லட்டின் குற்றம் மட்டும் அல்ல.

ஒரே மருந்தை இரட்டிப்பாக்கினால் பலன் இரட்டிப்பாவதில்லை, தொல்லைதான் ஏறும். கல்லீரலை ஒருவரும் கணையத்தை ஒருவருமாகப் பார்த்துக்கொண்டால் இருவரையும் குறைந்த அளவில் வைக்கலாம். இரண்டையும் ஒன்றாக அடித்துவிட்டால் விழுங்கும் எண்ணிக்கை குறையும், ஒன்றை மறப்பதும் குறையும். கூட்டு மாத்திரையின் நியாயம் இது. நியாயமான நியாயம்தான்.

ஆனால் கட்டிப்போட்டதால் இரண்டு சிக்கல். ஒருவரின் அளவைத் தொடாமல் மற்றவரின் அளவை மாற்ற முடியாது. இரண்டு சுபாவமும் ஒரே பெயருக்குள் ஒளிந்துகொள்வதால், போடுபவருக்கு அது வெறும் 'சுகர் மாத்திரை' ஆகிவிடுகிறது. இந்த இரண்டாவதுதான் பெரிய சிக்கல் என்று நினைக்கிறேன்.

ஒரு முகூர்த்த நாள்

ஒரு பெரியவரைக் கற்பனை செய்வோம். வயது 70, ஊர் கும்பகோணம். பன்னிரண்டு ஆண்டுகளாகச் சர்க்கரை. காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று கூட்டு மாத்திரை. ஒவ்வொன்றிலும் கிளிமிபிரைடு 2, மெட்ஃபார்மின் 500. இரத்தக் கொதிப்புக்கு மெட்டோப்ரோலால். சிறுநீரகம் வயதுக்கேற்பக் கொஞ்சம் மந்தம்.

மயிலாடுதுறையில் தங்கை வீட்டுக் கல்யாணம். காலை ஆறு மணிக்குப் பல் விளக்கியதும் வழக்கம்போல மாத்திரையைப் போட்டார். மாத்திரை டப்பா இருப்பது குளியலறைக்கு வெளியே, பற்பசைக்குப் பக்கத்தில். டிபன் மண்டபத்தில் பார்த்துக்கொள்ளலாம் என்று கிளம்பினார். அப்போது சோதித்திருந்தால் சர்க்கரை 128 என்று வைத்துக்கொள்வோம். நல்ல எண். இரத்தத்தில் ஆறு கிராமுக்குச் சற்று மேல்.

பேருந்து நிலையத்துக்கு நடந்தார். தசைகள் தங்கள் பங்குக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டன. எட்டு, எட்டரைக்குப் பேருந்துக்குள் நெரிசலில் நிற்கும்போது கிளிமிபிரைடு இரத்தத்தில் உச்சத்தைத் தொடுகிறது. விழுங்கியதிலிருந்து இரண்டு மூன்று மணி நேரம் ஆகும் அதற்கு. பெல் விடாமல் அடிக்கிறது, இன்சுலின் வருகிறது, விருந்தாளி இல்லை. கல்லீரல் குழாயைத் திறந்து சமாளிக்கலாம்தான். அங்கே இன்சுலின் போய் மூடச் சொல்கிறது. மெட்ஃபார்மினும் கூடவே நின்று கைப்பிடியை இறுக்குகிறது. தனியாக இருந்தால் சாதுவான மெட்ஃபார்மின், இந்தச் சேர்க்கையில் அவ்வளவு சாது அல்ல.

மண்டபத்துக்கு வந்தபோது முகூர்த்த நேரம். தாலி கட்டி முடியட்டும் என்று உட்கார்ந்தார். முதல் பந்தி மாப்பிள்ளை வீட்டாருக்கு. பதினொரு மணிக்கு அவருக்குக் குப்பென்று வியர்த்தது. பேச்சு குழறியது. பக்கத்திலிருந்தவர் கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் எரிந்து விழுந்தார். அளவு இப்போது 52, இரத்தத்தில் மிச்சம் இரண்டரை கிராம் சொச்சம்.

கை நடுக்கமும் படபடப்பும் பொதுவாக முன்கூட்டி எச்சரிக்கும். ஆபத்து வருகிறது என்று உடம்பு அடிக்கும் தண்டோரா அது. மெட்டோப்ரோலால், அட்டெனோலால் போன்ற கொதிப்பு மாத்திரைகள் அந்தத் தண்டோராவின் சத்தத்தைக் குறைத்துவிடும். வியர்வையை மட்டும் அவற்றால் மறைக்க முடியாது. காரணமில்லாத வியர்வையை இந்த மாத்திரைகளைப் போடுபவர்கள் அலட்சியம் செய்யக் கூடாது என்பது அதனால்தான். மண்டபத்தில் எல்லோரும் புழுக்கம் என்று நினைத்து மின்விசிறிக்கு அடியில் உட்கார வைத்தார்கள்.

யாரோ ஒரு ஜாங்கிரியை நீட்டினார்கள். தங்கை மகன் பதறித் தடுத்தான். "மாமாவுக்கு சுகர் இருக்கு! ஸ்வீட் எதுவும் குடுத்துறாதீங்க!"

அந்த ஐந்து நிமிடத்தில் மண்டபத்திலேயே அபாயமான சொல் அதுதான். அன்பால் வந்த சொல். சர்க்கரை நோயாளிக்கு இனிப்பு ஆகாது என்று பல ஆண்டுகளாக அவன் காதில் விழுந்துகொண்டிருக்கிறது; எப்போது ஆகும் என்று ஒருவரும் சொல்லவில்லை. குளுக்கோமீட்டர் கையில் இருந்தால் குத்திப் பார்க்கலாம். இல்லாவிட்டால் சந்தேகமே போதும், கொடுத்துவிட வேண்டும். தவறாகக் கொடுத்தால் அளவு சற்று நேரம் ஏறியிருக்கும். தவறாகத் தடுத்தால் நினைவு போகும்.

கொடுக்க வேண்டியது ஜாங்கிரி அல்ல. எண்ணெயில் பொரித்ததும் நெய் சேர்த்ததும் வயிற்றை விட்டு மெதுவாகத்தான் இறங்கும். மூன்று டீஸ்பூன் நிறையச் சர்க்கரையை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் கொடுக்கலாம், சுமார் 15 கிராம். பானகம், பழச்சாறு, 'டயட்' அல்லாத குளிர்பானம் எதுவும் சரி. பதினைந்து நிமிடம் பொறுத்து மறுபடி சோதிக்க வேண்டும். 70-ஐத் தாண்டாவிட்டால் இன்னொரு 15 கிராம். இரத்தத்தில் குறைவது இரண்டரை கிராம்தானே, ஏன் 15 என்று தோன்றும். கொடுக்கும் குளுக்கோஸ் இரத்தத்தில் மட்டும் தங்குவதில்லை. திசுக்களுக்கு இடையே இருக்கும் நீரிலும் பரவும், மூளையும் தசையும் வழியிலேயே பிடுங்கும். தெளிந்ததும் இட்லியோ சாதமோ சாப்பிட்டாக வேண்டும். சர்க்கரைத் தண்ணீர் கைமாற்று, சோறுதான் வரவு.

நினைவு போய்விட்டால் வாயில் எதையும் ஊற்றக் கூடாது. மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். ஒருக்களித்துப் படுக்க வைத்து 108-ஐ அழைக்க வேண்டும். நரம்பு வழியே குளுக்கோஸ் ஏற்றுவார்கள்.

மண்டபத்தில் கடைசியில் சர்க்கரைத் தண்ணீர் கொடுத்தார்கள். பெரியவர் தெளிந்துவிட்டார், சாப்பிட்டார், வெற்றிலையும் போட்டார். கதை முடிந்ததா? இல்லை. கிளிமிபிரைடு ஒரு நாள் முழுக்க வேலை செய்யும்படி அமைந்த மருந்து. சிறுநீரகம் மந்தமானவர் உடம்பில் அது இன்னும் இழுக்கும். காலையில் இறங்கிய சர்க்கரை இரவு மறுபடி இறங்கலாம், தூக்கத்தில். அன்றிரவு மாத்திரையைப் போடுவதற்கு முன்பு மருத்துவரை அழைத்துக் கேட்க வேண்டும். படுக்கும் முன்பும் நள்ளிரவு தாண்டியும் ஒருமுறை சோதிக்க வேண்டும். வயதானவர்களுக்குக் கணைய உந்தியால் தாழ்சர்க்கரை வந்தால், தெளிந்த பிறகும் மருத்துவமனையில் ஒரு நாள் வைத்துப் பார்க்கச் சொல்வது பணம் பறிக்க அல்ல.

அட்டையைத் திருப்பிப் பாருங்கள்

மாத்திரை அட்டையின் முன்பக்கம் பெரிய எழுத்தில் இருப்பது வணிகப் பெயர். அது நமக்கு ஒன்றும் சொல்லாது. பின்பக்கம் பொடி எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயர்களும் அளவுகளும்தான் மாத்திரையின் உண்மையான ஜாதகம்.

வணிகப் பெயருக்குப் பின்னால் எம் 1, எம் 2 என்று ஒரு வால் இருக்கும். பெரும்பாலும் அந்த எண் கிளிமிபிரைடின் மில்லிகிராம். கூடவே மெட்ஃபார்மின் 500. மருத்துவர் எம் 2 எழுதியிருக்கிறார், கடையில் தீர்ந்துவிட்டது. "ரெண்டு எம் 1 போட்டுக்குங்க சார், ஒண்ணுதான்" என்கிறார் கடைக்காரர். ஒன்றா? கிளிமிபிரைடு 2, சரி. மெட்ஃபார்மின் 500-க்குப் பதில் 1000. இதில் 'ஃபோர்ட்' என்று வால் நீண்டால் பல நிறுவனங்களில் மெட்ஃபார்மினே 1000. அப்போது இரண்டு மாத்திரை போட்டால் 2000. கூட்டு மாத்திரையில் சாதாரணக் கூட்டல் கணக்கு ஏமாற்றும்.

இதைவிட அடிக்கடி நடப்பது இரட்டிப்பு. தனியார் மருத்துவர் எழுதிய கூட்டு மாத்திரை வீட்டில் இருக்கும். அரசு ஆரம்ப சுகாதார நிலையத்திலோ, 2021 முதல் நடக்கும் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்தோ, மெட்ஃபார்மினும் உந்தியும் தனித்தனி மாத்திரைகளாகக் கிடைக்கும். நிறம் வேறு, வடிவம் வேறு, பெயர் வேறு. "அது ஒரு மருந்து, இது ஒரு மருந்து" என்று இரண்டையும் போடுபவர் ஒரே மருந்தை இரட்டிப்பாகப் போடுகிறார். யார் கொடுத்தாலும் எல்லா அட்டைகளையும் ஒரு பையில் போட்டு மருத்துவர் மேசையில் கொட்டிவிடுவதுதான் இதற்கு வழி. பாகற்காய்ச் சாறும், 'சுகர் சூரணமும்' அந்தப் பையில் இருக்கட்டும். பூஞ்சைத் தொற்றுக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோல் போன்றவை கிளிமிபிரைடு உடம்பில் சிதைவதைத் தடுத்து அதன் வேகத்தைக் கூட்டும். ஆகவே தோல் டாக்டரிடமும் பையைத் தூக்கிக்கொண்டு போக வேண்டியதுதான்.

பெயரில் எஸ்.ஆர். என்றோ இ.ஆர். என்றோ இருந்தால் மெட்ஃபார்மின் அடுக்கு மெதுவாகக் கசியும்படி அமைத்தது. தண்ணீர் பட்டதும் அந்த அடுக்கு ஊறி ஜவ்வரிசி போல் கொழகொழப்பாகும். மருந்து மணிக்கணக்கில் வெளியேறும். விழுங்கச் சிரமப்படும் பாட்டிக்கு அதை அம்மியில் நுணுக்கித் தேனில் குழைத்துக் கொடுத்தால் மணிக்கணக்குக்கானது ஒரேயடியாக இறங்கும். சில சமயம் மலத்தில் மாத்திரையே முழுசாக வந்தது போல் தெரியும். பயப்பட வேண்டாம், மருந்து இறங்கிப்போன வெறும் கூடு அது.

சர்க்கரை கொடுத்தும் ஏறவில்லை

சில கூட்டு மாத்திரைகளில் மூன்றாவதாக வோக்லிபோஸ் இருக்கும். குடலில் மாவுச்சத்தை வெட்டும் நொதிகளைப் பிடித்துவைப்பது அதன் வேலை. சோறு மெல்ல மெல்லச் சர்க்கரையாகும், சாப்பிட்டதும் அளவு துள்ளாது. நல்ல யோசனை.

ஆனால் நம் அடுக்களைச் சர்க்கரை நேரடி குளுக்கோஸ் அல்ல. ஒரு குளுக்கோஸும் ஒரு ஃப்ரக்டோஸும் கைகோத்த ஜோடி அது. குடலில் அந்தக் கையைப் பிரித்தால்தான் குளுக்கோஸ் இரத்தத்துக்குப் போகும். பிரிக்கிற நொதியைத்தான் வோக்லிபோஸ் பிடித்துவைத்திருக்கிறது. மண்டபத்துப் பெரியவர் வோக்லிபோஸ் கலந்த மாத்திரை போட்டிருந்தால், சர்க்கரைத் தண்ணீரோ வெல்லமோ கொடுத்து இருபது நிமிடம் கழித்தும் அவருக்குத் தெளிந்திருக்காது. மருந்துக்கடையில் கிடைக்கும் குளுக்கோஸ் பொடி வேண்டும். அதைப் பிரிக்க எந்த நொதியும் தேவையில்லை. அட்டையின் பின்பக்கத்தில் வோக்லிபோஸ், அகார்போஸ் என்ற பெயர் இருந்தால் சட்டைப் பையில் குளுக்கோஸ் பொட்டலம் இருக்க வேண்டும். இதை எழுதித் தராமல் அந்த மாத்திரையை விற்பது சரியில்லை என்றே எனக்குப் படுகிறது.

உடம்பு முடியாத நாள்

வாந்தி, பேதி, கடும் காய்ச்சல் வரும் நாளில் கூட்டு மாத்திரையின் இரு பக்கமும் கூர்மையாகும். சாப்பாடு இறங்காததால் உந்தி ஆபத்து. உடம்பில் நீர் வற்றினால் சிறுநீரகம் தளரும். மெட்ஃபார்மின் முழுக்க முழுக்கச் சிறுநீரில் வெளியேற வேண்டியது, அது உள்ளேயே தேங்கும். அளவுக்கு மீறித் தேங்கினால் இரத்தத்தில் லாக்டிக் அமிலம் சேர்ந்து புளித்துப்போகும். அரிதுதான், வந்தால் உயிருக்கு ஆபத்து. இதே குடும்பத்தைச் சேர்ந்த ஃபென்ஃபார்மின் இந்தக் காரணத்துக்காகவே 1970-களின் பிற்பகுதியில் அமெரிக்காவில் விலக்கப்பட்டது. அந்தக் கெட்ட பெயரைச் சுமந்ததால் மெட்ஃபார்மினுக்கு அங்கே 1990-களின் நடுப்பகுதி வரை கதவு திறக்கவில்லை.

சிறுநீரகம் வடிகட்டும் திறனை ஆய்வக அறிக்கையில் ஓர் எண்ணாகக் கொடுப்பார்கள். 45-க்குக் கீழே போனால் மெட்ஃபார்மினைக் குறைக்கிறார்கள். 30-க்குக் கீழே என்றால் நிறுத்திவிடுகிறார்கள். கட்டிப்போட்டதன் சிக்கல் இங்கேதான் வெளியே வரும். கூட்டு மாத்திரையில் மெட்ஃபார்மினை மட்டும் குறைக்க வழியில்லை. பிரித்துத் தனித்தனியாக எழுதத்தான் வேண்டும். உடம்பு முடியாத நாளில் எதை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதை நன்றாக இருக்கும் நாளிலேயே மருத்துவரிடம் கேட்டு மருந்துச்சீட்டின் பின்னால் எழுதி வாங்கிக்கொள்வது புத்திசாலித்தனம். தாமாகவே மொத்தமாக நிறுத்திவிடுவதும் நல்லதல்ல. காய்ச்சலில் சர்க்கரை ஏறவும் செய்யும்.

புதிய தலைமுறை ஜோடிகளைப் பற்றி இரண்டு வார்த்தை. சிட்டாக்ளிப்டின், வில்டாக்ளிப்டின், டெனெலிக்ளிப்டின் என்று 'க்ளிப்டின்' வால் உள்ளவை, விருந்தாளி வாசலில் நிற்கிறாரா என்று எட்டிப் பார்த்துவிட்டுப் பெல் அடிப்பவை. மெட்ஃபார்மினோடு மட்டும் சேர்ந்தால் தாழ்சர்க்கரை குறைவு. டாபாக்ளிஃப்ளோசின் போன்ற 'ஃப்ளோசின்' வகை, மிகுந்த சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும். இதயத்துக்கும் சிறுநீரகத்துக்கும் நன்மை உண்டு. பிறப்புறுப்பில் பூஞ்சை அரிப்பு வரலாம். பட்டினியிலும் அறுவை சிகிச்சையின்போதும் இரத்தம் வேறு விதமாக அமிலமாகலாம், அதுவும் சர்க்கரை எண் பெரிதாக ஏறாமலேயே. அதனால்தான் அறுவைக்கு மூன்று நாள் முன்பே டாபாக்ளிஃப்ளோசினை நிறுத்தச் சொல்கிறார்கள். இந்த இரண்டு வகையோடும் கிளிமிபிரைடைச் சேர்த்து அடித்த மாத்திரைகள் வருகின்றன. அப்போது பழைய பெல் கதை மறுபடி ஆரம்பம்.

பெரியவருக்கு வருவோம். அடுத்த வாரம் மருத்துவர் எல்லா அட்டைகளையும் மேசையில் பரப்பிப் பார்த்தார். சிறுநீரகத்துக்கு இரத்தம் எடுக்கச் சொன்னார், இரவு மாத்திரையிலிருந்து கிளிமிபிரைடை எடுத்துவிட்டார். காலை மாத்திரையை முதல் வாய் இட்லிக்குச் சற்று முன்பு போடச் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் அவர் மனைவி பற்பசைக்குப் பக்கத்திலிருந்த டப்பாவை எடுத்து, அடுக்களையில் இட்லிப் பானைக்குப் பக்கத்தில் வைத்தார். "இனிமே இலையில இட்லி விழுந்தாத்தான் மாத்திரை" என்றார். பெரியவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமல், "ஏகாதசிக்கு?" என்று கேட்டார். அந்தக் கேள்வியையும் மனைவி மருந்துச்சீட்டின் பின்னால் பென்சிலால் குறித்து வைத்துக்கொண்டார்.